2139062143: எப்போதாவது உடையும் ஒரு சோதனையின் பின்னால் நான்கு நாள்

சோதனைப் பதிவின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘ஓஐடி 2139062143 உள்ள ரிலேஷனைத் திறக்க முடியவில்லை.’ ரிலேஷன் என்றால் அட்டவணை போன்ற தரவுத்தளப் பொருள்; ஓஐடி அதன் அடையாள எண். திங்கட்கிழமை காலை அதைப் பார்த்தேன். அதே சோதனையை மீண்டும் ஓடவிட்டேன், பச்சை, அதாவது தேறிவிட்டது. இன்னொரு முறையும் பச்சை. மூன்றாம் முறையும் பச்சை. இந்த நிலைக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்று இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ‘மறுபடி ஓட்டு’ பொத்தானை அழுத்திவிட்டு எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் பல முறை அப்படிப் போயிருக்கிறேன். இந்த முறை போகவில்லை. அடுத்த நான்கு நாளில் செய்ததை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எங்கள் சிறு அணி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சேவையகத்துக்கான ஒரு நீட்சியைப் பராமரிக்கிறது. ஒரே சேவையகத்தில் பல வாடிக்கையாளர்களின் அட்டவணைகள் இருக்கும். ஒவ்வொருவரின் அட்டவணையும் வட்டில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணக்கெடுத்து, வரம்பைத் தாண்டினால் புதிய பதிவுகளை மறுப்பதுதான் அந்த நீட்சியின் வேலை. சி மொழியில் எழுதியது. போஸ்ட்கிரெஸின் 14 முதல் 17 வரையான பதிப்புகளில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் 18 வெளிவந்ததும் அதற்கும் தயார்செய்துகொண்டிருந்தோம்.

போஸ்ட்கிரெஸில் சோதனை எழுதும் முறை மிகவும் எளியது. எஸ்கியூஎல் கட்டளைகள் அடங்கிய ஒரு கோப்பு. அதை ஓட்டினால் என்ன வெளிவர வேண்டும் என்று காட்டும் எதிர்பார்ப்புக் கோப்பு ஒன்று. பிஜி-ரெக்ரெஸ் என்ற நிரல் தற்காலிகச் சேவையகம் ஒன்றை எழுப்பி, கட்டளைகளை ஓட்டி, வந்த வெளியீட்டை எதிர்பார்ப்போடு வரிக்கு வரி ஒப்பிடும். ஒரு எழுத்து மாறினாலும் தோல்விதான். அந்த எதிர்பார்ப்புக் கோப்பு எங்கிருந்து வந்தது? யாரோ ஒருநாள் ஓட்டிப் பார்த்து, வெளிவந்ததைச் சரி என்று நம்பி எடுத்துவைத்த நகல் அது. ‘நம்பி’ என்று சொன்னேனே, சோதனைகளைப் பராமரிப்பவரின் பாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. வெளியீடு மாறிவிட்டதா, புதிய வெளியீட்டை எதிர்பார்ப்பின்மேல் நகலெடுத்தால் அடுத்த நொடியே பச்சையாகிவிடும். நிரல் சரியாக இருந்தாலும் பச்சை, பிழையாக இருந்தாலும் பச்சை.

பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டியபோது, மூன்று வாரத்தில் நான்கு முறை இதே சோதனை இதே எண்ணோடு உடைந்திருந்தது தெரிந்தது. நான்கு முறையும் யாரோ மறுபடி ஓட்டிப் பச்சையாக்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஒருமுறைகூட இல்லை. அப்படியானால் மூன்று வாரத்துக்கு முன் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

திங்கள் மாலை, அந்தச் சோதனையை மட்டும் தனியாக ஒரு சுழற்சியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் 300 ஓட்டம், 300 பச்சை. செவ்வாயன்று சோதனைக் குழு முழுவதையும் சுழற்சியில் போட்டேன். பிஜி-ரெக்ரெஸின் அட்டவணைக் கோப்பில் ஒரே வரியில் எழுதிய சோதனைகள் ஒரே நேரத்தில், தனித்தனி இணைப்புகளில் ஓடும். இப்போது 100 ஓட்டத்தில் இரண்டு சிவப்பு. குழுவிலிருந்து ஒவ்வொரு சோதனையாக எடுத்துப் பார்த்ததில், மூன்று வாரத்துக்கு முன் சேர்த்த புதிய கோப்பு ஒன்றை எடுத்தால் மட்டும் சிவப்பு அடியோடு நின்றது.

அந்தக் கோப்பை எழுதியவர் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண். அவருடைய முதல் சோதனைக் கோப்பு அது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “என் கோப்பால்தானே உடைகிறது? நடுவில் அட்டவணைப் பெயர் கொடுக்காமல் ஒரு அனலைஸ் போட்டிருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடவா?” என்று கேட்டார்.

காரணத்தை அவர் சரியாகவே பிடித்துவிட்டார். பெயர் கொடுக்காமல் அனலைஸ் என்று சொன்னால், தரவுத்தளத்தில் உள்ள எல்லா அட்டவணைகளின் புள்ளிவிவரங்களையும் சேவையகம் திரட்டும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் சோதனையின் அட்டவணையும் அதில் அடங்கும். ஆனால் அனலைஸ் என்பது எந்த வாடிக்கையாளரும் எந்த நேரத்திலும் கொடுக்கக்கூடிய கட்டளை. யாரும் கொடுக்காவிட்டாலும் சேவையகத்தின் ஆட்டோவாக்குவம் என்ற பின்னணிப் பராமரிப்பு வேலை தானாகவே கொடுக்கும். முன்னமைவின்படி அது நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, கணிசமாக மாறிய அட்டவணைகளைத் தேடும். அனலைஸ் ஓடும்போது எங்கள் நிரல் உடைகிறது என்றால் தவறு எங்கள் நிரலில். “அந்த வரி இருக்கட்டும். அதை எடுத்தால் வாடிக்கையாளர் வீட்டில் போய் உடையும்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் ஒரு கேள்வி அரித்தது. ஆட்டோவாக்குவமும் இதே வேலையைச் செய்யும் என்றால், இத்தனை நாள் எங்கள் சோதனை ஏன் உடையவில்லை? சோதனைக் கோப்பைத் திறந்தேன். அட்டவணையை உருவாக்கும் வரியிலேயே விடை இருந்தது: அந்த அட்டவணைக்கு மட்டும் ஆட்டோவாக்குவம் அணைக்கப்பட்டிருந்தது. யார் அணைத்தார்கள் என்று, நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் தேடினேன். இரண்டு ஆண்டுக்கு முந்தைய கமிட், அதாவது அதில் பதிவான ஒரு மாற்றம். ‘சோதனையை நிலைப்படுத்துகிறது’ என்று ஒரே வரிக் குறிப்பு. எழுதியவர் நான்.

அப்போது அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. சோதனை அட்டவணையின் அளவைப் பைட்டில் அச்சிட்டது. நீக்கிய பதிவுகளின் இடத்தைச் சுத்தம்செய்யும் வாக்குவம் ஓடினால் அட்டவணைக்கு விசிபிலிட்டி மேப் என்ற துணைக் கோப்பு உருவாகும். குறைந்தது ஒரு பக்கம், அதாவது 8192 பைட். ஆட்டோவாக்குவம் குறுக்கே வந்த நாள்களில் எங்கள் கணக்கில் 8192 கூடி, எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாமல் சோதனை உடைந்தது. அதற்காக அணைத்தேன். அதே வாரத்தில் ஒருமுறை இந்த விநோதமான எண்ணும் வந்ததாக மங்கலான நினைவு. அணைத்ததும் இரண்டும் போய்விட்டன. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒரே போர்வையால் மூடியிருக்கிறேன். ஒன்று சோதனை எழுதிய முறையில் இருந்த கோளாறு. மற்றது வழு.

எண்ணின் பிறப்பிடம்

2139062143. பார்த்தவுடன் சந்தேகம் வர வேண்டிய எண் இது. போஸ்ட்கிரெஸில் பயனர் உருவாக்கும் பொருள்களின் ஓஐடி 16384-இல் தொடங்கும். சோதனைக்காக ஒரு நிமிடத்துக்கு முன் எழுப்பிய சேவையகத்தில் ஓஐடி இருநூறு கோடியைத் தாண்ட வழியே இல்லை. பதினறும வடிவுக்கு மாற்றினேன்: 7எஃப் 7எஃப் 7எஃப் 7எஃப். நான்கு பைட்டும் ஒன்றே.

அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போஸ்ட்கிரெஸை அசெர்ட் எனப்படும், நிரலாளர்களுக்கான உள் சரிபார்ப்புகளோடு தொகுத்தால், விடுவிக்கப்படும் நினைவகத்தை அது அப்படியே விட்டுவைக்காது. 7எஃப் என்ற பைட்டால் நிரப்பிவிடும். விடுவித்த இடத்தை யாராவது தெரியாமல் படித்தால் உடனே அகப்பட வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு. அதாவது, எங்கள் நிரல் எங்கோ ஓரிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்திலிருந்து ஓஐடியைப் படிக்கிறது. வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்த பிறகு, பரணில் விட்டுவந்த பெட்டியை எடுக்கப் போவது போன்றது இது. அடுத்த குடித்தனம் வரும்வரை பெட்டி அங்கேயே இருக்கும், எடுத்துக்கொண்டும் வரலாம். அசெர்ட் தொகுப்பில், சாவி கைமாறிய நொடியே வீட்டுக்காரர் பரணைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறார்.

இனி எந்த இடம் என்று பார்க்க வேண்டும். இதற்கு வழு தேடும் கருவியான ஜிடிபியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பதிப்பு 13 முதல் பேக்ட்ரேஸ்-ஃபங்ஷன்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு சி செயற்கூறின் பெயரைக் கொடுத்தால், அந்தச் செயற்கூறிலிருந்து பிழை எழும்போது அழைப்புச் சங்கிலி முழுவதும் சேவையகப் பதிவில் இறங்கும். ‘திறக்க முடியவில்லை’ என்ற செய்தி ரிலேஷன்-ஓப்பன் என்ற செயற்கூறிலிருந்து வருவது. அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, கூடவே டீபக்-டிஸ்கார்ட்-கேஷஸ் அமைப்பை 1 ஆக்கினேன். இதுவும் அசெர்ட் தொகுப்பில் கிடைப்பது. 14 முதல் இருக்கிறது. சேவையகம் வைத்திருக்கும் கேட்டலாக் கேஷை, அதாவது அட்டவணைகளைப் பற்றிய விவரங்களின் நினைவக நகலை, கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே காலிசெய்யும், உண்மையில் எதுவும் மாறியிருக்காவிட்டாலும். சோதனை நத்தையாக ஊரும். ஆனால் நூற்றில் இரண்டு முறை உடைந்த சோதனை, பதிவைச் சேர்க்கும் முதல் இன்சர்ட் கட்டளையிலேயே உடைந்தது. பதிவில் சங்கிலி: ரிலேஷன்-ஓப்பன், அதை அழைத்த டேபிள்-ஓப்பன், அதை அழைத்த எங்கள் அளவுக் கணக்கீட்டுச் செயற்கூறு.

செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு அந்தச் செயற்கூறைத் திறந்தேன். முப்பது வரிதான். ஓடும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலில், கொடுத்த அட்டவணையின் விவரத்தைக் கேட்டலாக் கேஷில் தேடி எடுக்கிறது. கிடைத்த பதிவை நோக்கி ஒரு சுட்டியை, அதாவது அதன் நினைவக முகவரியை, வைத்துக்கொள்கிறது. இது சாதாரண அட்டவணைதானா என்று பார்க்கிறது. உடனே கேஷ் பதிவை விடுவித்துவிடுகிறது. இங்கே சாவி கைமாறிவிட்டது. பிறகு டேபிள்-ஓப்பன் மூலம் அட்டவணையைப் பூட்டோடு திறந்து அதன் கோப்புகளின் அளவைக் கூட்டுகிறது. கடைசியாக, அட்டவணைக்கு, பெரிய மதிப்புகளைத் தனியே வைக்கும் டோஸ்ட் அட்டவணை இருந்தால் அதையும் திறந்து கூட்ட வேண்டும். அந்த டோஸ்ட் அட்டவணையின் ஓஐடியைப் பழைய சுட்டி வழியாகவே படிக்கிறது.

கேஷ் பதிவை விடுவித்தாலும் அது உடனே அழிவதில்லை. அடுத்தவருக்குப் பயன்படட்டும் என்று கேஷிலேயே இருக்கும். அதனால்தான் லட்சத்தில் 99,999 முறை இந்த நிரல் சரியாக ஓடியது. ஆனால் ஒரு அட்டவணையைப் பூட்டும்போது, மற்ற இணைப்புகள் அனுப்பிய ‘இது மாறிவிட்டது’ என்ற செய்திகளைச் சேவையகம் அந்த இடத்தில்தான் வாங்கிப் படிக்கும். அனலைஸ் ஓடினால் அட்டவணையின் பக்க எண்ணிக்கையும் பதிவு எண்ணிக்கையும் கேட்டலாக்கில் திருத்தப்படும். திருத்தியதும் எல்லா இணைப்புகளுக்கும் செய்தி போகும். கேஷில் தேடியதற்கும் பூட்டு வாங்கியதற்கும் இடைப்பட்ட அந்த இமைப்பொழுதில் செய்தி வந்துவிட்டால், யாரும் பிடித்திராத கேஷ் பதிவு விடுவிக்கப்படும், 7எஃப் நிரப்பப்படும், நாங்கள் போய் அதைப் படிப்போம். எங்கள் சோதனையில் ஆயிரம் சிறு இன்சர்ட்டுகள். ஒவ்வொன்றும், பதிவு சேரும்போது தானாக இயங்கும் ட்ரிக்கர் வழியாக இந்தச் செயற்கூறை அழைக்கிறது. ஆயிரம் இமைப்பொழுதுகள். அவற்றில் ஒன்றில் புதியவரின் அனலைஸ் வந்து விழுந்திருக்கிறது.

முதல் திருத்தமும் அது ஏன் போதவில்லை என்பதும்

புதன் காலை பத்து நிமிடத்தில் திருத்தம் முடிந்துவிட்டதாக நினைத்தேன். டோஸ்ட் ஓஐடியை ஒரு மாறியில் நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகு கேஷ் பதிவை விடுவித்தேன். ஒரு வரி மேலே போனது, ஒரு வரி கீழே போனது. டீபக்-டிஸ்கார்ட்-கேஷஸ் வைத்து ஓட்டினால் பச்சை. குழு முழுவதையும் 200 முறை ஓட்டினால் 200 பச்சை.

அனுப்பிவிடலாம் என்று கை போனது. ஆனால் இந்த வழுவுக்கென்று ஒரு சோதனை எழுதாமல் திருத்தத்தை அனுப்புவதில்லை என்பது எங்கள் அணியின் வழக்கம். அந்தச் சோதனை தற்செயலை நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் உடைய வேண்டும். இடையில் செய்தி வர வேண்டும், அதுவும் நான் சொல்லும் நேரத்தில் வர வேண்டும். அனலைஸ் வைத்துக்கொண்டு இது முடியாது. அது எங்கள் பூட்டோடு மோதாது, எனவே நாங்கள் எங்கும் காத்திருக்க மாட்டோம். எங்களைப் பூட்டு வாசலில் நிறுத்திவைக்கும் கட்டளை வேண்டும். அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் அதைச் செய்யும்.

இரண்டு முனையங்களைத் திறந்து கையாலேயே செய்து பார்த்தேன். முதல் முனையத்தில் பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒரு நெடுவரிசையை இன்ட் என்ற முழுஎண் வகையிலிருந்து, அதைவிடப் பெரிய பிக்இன்ட் வகைக்கு மாற்றினேன். இது அட்டவணை முழுவதையும் மறுபடி எழுதவைக்கும், யாரையும் உள்ளே விடாத பூட்டையும் பிடித்திருக்கும். இரண்டாம் முனையத்தில் எங்கள் செயற்கூறை அழைத்தேன். எதிர்பார்த்தபடி நின்றது: கேஷில் படித்தாகிவிட்டது, பூட்டுக்காகக் காத்திருக்கிறது. முதல் முனையத்தில் பரிவர்த்தனையை முடித்தேன். இரண்டாம் முனையம் விழித்தது.

‘ஓஐடி 16412 உள்ள ரிலேஷனைத் திறக்க முடியவில்லை.’

இது என் திருத்தம் சேர்ந்த நிரல். எண்ணைப் பாருங்கள்: இது 7எஃப் குப்பை அல்ல, 16384-க்குச் சற்று மேலே இருக்கும் இயல்பான ஓஐடி. சற்று நேரம் முன்புவரை உண்மையாகவே இருந்த டோஸ்ட் அட்டவணையின் ஓஐடி. ஆல்டர் டேபிள் அட்டவணையை மறுபடி எழுதும்போது புதிய டோஸ்ட் அட்டவணையை இணைத்துவிட்டுப் பழையதை நீக்கிவிடும். நான் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தது பூட்டு வாங்குவதற்கு முந்தைய உலகத்தின் தகவல். நினைவகப் பிழை போய்விட்டது; பழைய தகவலை நம்பும் பிழை அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர், தங்கள் அட்டவணை அமைப்பை மாற்றிய இரவில் இதே வகைச் செய்தி ஒருமுறை வந்ததாக எழுதியிருந்தார். அவர் அனுப்பிய எண்ணும் இயல்பான ஓஐடிதான். அவர்களிடம் ஓடுவது அசெர்ட் இல்லாத தொகுப்பு. அங்கே விடுவித்த நினைவகத்தை யாரும் நிரப்புவதில்லை, பெட்டி பரணிலேயே இருந்திருக்கும், பழைய ஓஐடி அப்படியே கிடைத்திருக்கும். ‘மீண்டும் நிகழவில்லை’ என்று குறித்து அந்தப் புகாரை மூடியிருந்தோம். புதன் மதியம் அதை மறுபடி திறந்தேன்.

சரியான திருத்தம் முதல் திருத்தத்தைவிடச் சிறியது. கேஷில் தேடுவதே தேவையில்லை. அட்டவணையைப் பூட்டோடு திறந்த பிறகு, திறந்த ரிலேஷன் அமைப்பிலேயே அதன் கேட்டலாக் விவரம் முழுவதும் இருக்கிறது. பூட்டு நம் கையில் இருப்பதால் நடுவில் வேறு யாரும் அட்டவணையை மறுபடி எழுத முடியாது. ரிலேஷன் திறந்திருக்கும்வரை அந்த நினைவகமும் இடம் மாறாது. சாதாரண அட்டவணைதானா என்ற சரிபார்ப்பையும் பூட்டுக்குப் பின் நகர்த்தினேன். ஒன்பது வரி போனது, நான்கு வரி வந்தது.

முனையங்களில் கையால் செய்ததை அப்படியே ஐசொலேஷன் சோதனையாக மாற்றினேன். போஸ்ட்கிரெஸின் சோதனைக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு ஸ்பெக் கோப்பில் அமர்வுகளையும் ஒவ்வொரு அமர்வின் படிகளையும் எழுதி, எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்று வரிசை கொடுத்துவிட்டால் போதும். ஒரு படி பூட்டில் சிக்கினால் கருவி அதைத் தானே கண்டுகொண்டு ‘காத்திருக்கிறது’ என்று வெளியீட்டில் எழுதி, அடுத்த அமர்வின் படிக்குப் போகும். பூட்டு விலகியதும் ‘முடிந்தது’ என்று எழுதும். மூன்று நொடி தூங்கு, ஐந்து நொடி தூங்கு என்று எங்கேயும் எழுதத் தேவையில்லை. தூக்கத்தை நம்பிய சோதனை மெதுவான இயந்திரத்தில் ஒருநாள் உடைந்தே தீரும்.

எழுதிய சோதனையை மூன்று தொகுப்புகளில் ஓட்டினேன். திருத்தாத நிரலில் 2139062143. முதல் திருத்தத்தில் இயல்பான ஓஐடி. இரண்டாம் திருத்தத்தில் அளவு சரியாக வந்தது. திருத்தாத நிரலில் சிவப்பு காட்டாத சோதனையை நான் சோதனையாகவே ஏற்பதில்லை. அது எதைப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய சோதனைகளைச் செப்பனிட்டது

வியாழன் முழுவதும் சோதனைக் கோப்புகளோடு போனது. ஆட்டோவாக்குவத்தை அணைத்த வரியை முதல் வேலையாக எடுத்தேன். எடுத்தால் பழைய 8192 பைட் தொல்லை திரும்பும் அல்லவா? அளவைப் பைட்டில் அச்சிடும் கட்டளைகளை மாற்றினேன். பெரிய பதிவு ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் அளவெடுத்து, பதிவின் நீளமாவது கூடியிருக்கிறதா என்று ஆம்–இல்லை விடை மட்டும் அச்சிடவைத்தேன். வாக்குவம் குறுக்கே வந்தாலும் இனி விடை மாறாது.

மாற்றும்போது இன்னொரு கோணல் வெளிப்பட்டது. டோஸ்ட்டைச் சோதிப்பதற்காக, ‘அ’ என்ற எழுத்தைப் பத்தாயிரம் முறை திருப்பி எழுதிய உரையைச் சேர்த்திருந்தோம். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். ஆக 30,000 பைட். ஒரு பதிவு சுமார் 2 கேபியைத் தாண்டினால்தான் டோஸ்ட் வேலைக்கு வரும் என்பதால் இது தாராளம் என்று நினைத்திருந்தோம். ஆனால் டோஸ்ட் முதலில் சுருக்கிப் பார்க்கும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் உரை சில நூறு பைட்டாகச் சுருங்கி, அட்டவணைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. டோஸ்ட் அட்டவணையில் ஒரு பதிவுகூட இல்லை. டோஸ்ட் கணக்கைச் சோதிப்பதாக நாங்கள் நம்பிய சோதனை, பல மாதமாக வெறும் பூஜ்யத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. நெடுவரிசையின் சேமிப்பு முறையை எக்ஸ்டர்னல் என்று மாற்றினேன். இனி சுருக்காமல் அப்படியே வெளியே வைக்கும்.

வரம்பால் மறுக்கப்பட்ட ஆவணங்களின் தலைப்புகளை வரிசைப்படுத்தி அச்சிடும் கோப்பு ஒன்றும் இருந்தது. தலைப்புகள் தமிழில். அதற்கு இரண்டு எதிர்பார்ப்புக் கோப்புகள். பெயருக்குப் பின்னால் _1 என்று சேர்த்து மாற்று விடை வைக்க பிஜி-ரெக்ரெஸ் இடம் தருகிறது. ஏன் இரண்டு என்று பார்த்தால், தற்காலிகச் சேவையகம் ஓடும் இயந்திரத்தின் மொழியமைப்பை எடுத்துக்கொள்கிறது. ஆளுக்கு ஆள் வரிசை மாறுகிறது. வெறும் குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் ‘கணம்’ முன்னால் வரும், ‘கண்’ பின்னால் வரும். யூனிகோடில் புள்ளியின் எண் ‘ம’வின் எண்ணைவிடப் பெரியது என்பதுதான் காரணம். ‘ன’வும் கடைசியில் வராது, ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் நிற்கும். தமிழ் அகராதியைப் புரட்டியவர் கண்ணுக்கு உறுத்தும் வரிசைதான். ஆனால் எங்கள் நீட்சி சோதிக்க வேண்டியது வரம்பை, அகரவரிசையை அல்ல. குறியீட்டு எண்ணின்படியே அடுக்கும் சி கொலேஷனை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, இரண்டாம் எதிர்பார்ப்புக் கோப்பை அழித்தேன். இயந்திரத்தின் வரிசையை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு போஸ்ட்கிரெஸ் உலகிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது: 2018 ஆகஸ்டில் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மாற்றியபோது, ‘11’ முன்னும் ‘1-1’ பின்னுமாக இருந்த வரிசை தலைகீழானது. இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தியவர்களின் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே நின்று, இருக்கும் பதிவையே இல்லை என்று சொன்னன. மறுபடி இன்டெக்ஸ் கட்டுவதே ஒரே வழி.

பதிப்பு 18-க்கான வேறுபாடுகள் அவ்வளவு தொந்தரவு தரவில்லை. வினவல் ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் இப்போது கேட்காமலே பஃபர் கணக்கையும், அதாவது தொட்ட பக்கங்களின் எண்ணிக்கையையும், அச்சிடுகிறது. அந்த எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதை அணைத்து எழுதினேன். ஆனாலும் ஒவ்வொரு வேறுபாட்டையும் படித்து, ஏன் மாறியது என்று ஒரு வரி கமிட் குறிப்பில் எழுதிய பிறகே எதிர்பார்ப்புக் கோப்பில் கைவைத்தேன். மொத்தமாக நகலெடுத்திருந்தால் ஐந்து நிமிடம். இப்படிச் செய்ததில் ஒன்றரை மணி நேரம் ஆனது.

நிரந்தரக் காவலுக்கு டீபக்-டிஸ்கார்ட்-கேஷஸை வைக்க முடியாது; அத்தனை மெதுவாக ஓடும் சோதனைக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கேட்கேஷ்-ஃபோர்ஸ்-ரிலீஸ் என்ற தொகுப்பு விருப்பத்தோடு சேவையகத்தைத் தனியாகத் தொகுத்து, இரவில் ஓடும் பணி ஒன்றைச் சேர்த்தேன். கேஷ் பதிவை விடுவித்த உடனேயே அழித்துவிடும் விருப்பம் இது. போஸ்ட்கிரெஸைத் தொடர்ந்து தொகுத்துச் சோதிக்கும் இயந்திரக் கூட்டமான பில்ட்ஃபார்மில் பிரியான் என்ற இயந்திரம் இந்த முறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் முதல் வழுவை முதல் நாளே பிடித்திருக்கும். இரண்டாவதைப் பிடிக்காது, அதற்கு ஐசொலேஷன் சோதனைதான்.

திருத்தத்தை 14-க்கான கிளையில் முதலில் இட்டு, ஒவ்வொரு பதிப்பாக மேலே கொண்டுபோனேன். நிரல் எங்கும் முரண்படவில்லை. வாடிக்கையாளருக்கு விரிவாக எழுதி, ஆறு மாதத்துக்கு முன் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை புதியவரும் நானும் உட்கார்ந்து, நீட்சி முழுவதிலும் கேஷ் பதிவை விடுவிக்கும் இடங்களைத் தேடினோம். மொத்தம் 11. ஒன்பது சரியாக இருந்தன. இரண்டில், விடுவித்த பிறகும் பழைய சுட்டி உயிரோடு இருந்தது. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், இன்னொன்றை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய ஸ்பெக் கோப்பு நேற்று மாலை பரிசீலனைக்கு வந்தது. திருத்தத்தோடு, திருத்தாத நிரலில் அது சிவப்பு காட்டிய வெளியீட்டையும் இணைத்திருந்தார். அதில் 2139062143 இருந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.